ஆரம்பத்திலிருந்து சொல்கிறவர்

மணி என்ன என்று அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், அந்தக் கைக்கடிகாரத்தை அவருடைய மாமனார் எந்தச் சூழ்நிலையில் வாங்கித் தந்தார் என்பதில் தொடங்குவார். மழைக்காலத்தில் அது பின்தங்குகிற வழக்கம், பஜாரில் அதைப் பழுது பார்த்தவர் சொன்ன காரணம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று வருவார். அவர் மணியைச் சொல்லி முடிக்கும்போது அது வேறு மணியாகியிருக்கும்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லிடறேன் சார்" என்றுதான் எதையும் தொடங்குவார். தொழிற்சாலையில் இதையே இந்தியில் "ஷுரூ ஸே பதாதா ஹூம்" என்பார். குழாய்ப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த மராட்டிக்காரர்கள் அவருக்கு ‘ஷுரூசே’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பூனாவை ஒட்டிய எங்கள் தாபோடியில் யாருக்கும் ஆளை அடையாளம் தெரியப் போவதில்லை.

நான் அதே அரசுத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருந்தேன். விடுப்பு, ஊதிய உயர்வு, முன்பணம், ஓய்வூதியம் எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். மனிதன் செய்யக்கூடிய எல்லாவற்றுக்கும் சர்க்காரில் ஒரு விதி உண்டு, செய்யாமல் விட்டதற்கு ஒரு படிவம் உண்டு. அவை எல்லாமே எனக்கு மனப்பாடம். பெருமையாகச் சொல்லவில்லை. வேறு எதையும் மனப்பாடம் செய்ய அந்த வேலை இடம் தரவில்லை.

அவரும் நானும் ஒரே குடியிருப்பு. அவர் வரிசையில் பெரும்பாலும் வட ஆற்காட்டுக் குடும்பங்கள். வாசலில் தமிழ், குழாயடியில் தமிழும் இந்தியும், காய்கறி வண்டிக்காரரிடம் மராட்டி. கணபதி உற்சவத்துக்கு மட்டும் எல்லா வரிசையும் ஒன்றாகும். ஒரு வருடம் மைக்கை இவரிடம் கொடுத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமல் போனது. இவர் குழந்தையின் சட்டை நிறத்தில் ஆரம்பித்து, அந்தத் துணி எங்கே எடுத்தது, தைத்தது யார் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அறிவித்துக்கொண்டிருந்தார். குழந்தை தானாகவே வந்து, பிரசாதம் வாங்கித் தின்று, மைக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து தன்னைப் பற்றிய அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. மறு வருடம் மைக் வேறு கைக்குப் போயிற்று.

அவருடைய முதல் மனைவி இரண்டாவது பிரசவத்தில் மிகவும் பலவீனமாகிவிட்டாள். அவளுக்கு இனி கத்தி வேண்டாம் என்று இவரே போய்க் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எண்பதுகளில் அதற்குச் சிறப்பு விடுப்பும் சிறிய ஊதிய உயர்வும் உண்டு. அந்த விடுப்பைப் பெரும்பாலான ஆண்கள் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டுதான் எடுப்பார்கள். இவர் வரிசையில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார். வந்து, எல்லா வீட்டுக்கும் விவரமும் சொன்னார். ஆக, அவருக்கு என்ன வெட்டப்பட்டிருக்கிறது, என்ன வெட்டப்படவில்லை என்பது தாபோடி முழுக்கத் தெரியும். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

சில வருடங்களில் அந்த மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு பெண்களையும் இவரே வளர்த்தார். பெரியவளுக்குக் கல்யாணமாகி, சின்னவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அக்கம்பக்கத்தார் வற்புறுத்தி ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பெயர் வசந்தா. அண்ணன் தம்பிகளுக்குச் சமைத்துப் போட்டே முப்பதைத் தாண்டியிருந்தவள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், பல முறை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. காபி வருவதற்குள் இவர் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். தனக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, குழந்தை பிறக்காது என்பது ஒரு வரி. இவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தொடங்கினார். பெண்ணின் அண்ணி குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அண்ணன் தரையில் எதையோ தேடினார். இவர் மயக்க ஊசியைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகும்போது, உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்ததாம்.

"காபி ஆறுது. குடிச்சிட்டு மிச்சத்தச் சொல்லச் சொல்லுங்க."

அப்போதே அவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டாராம். மிச்சத்தையும் கேட்கத் தயாராக இருந்த முதல் ஆள் அவள்.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் வசந்தா எதுவும் கேட்கவில்லை. வரிசையில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதல் எண்ணெய்க் குளியல் இவள் கையால்தான். குளிப்பாட்டித் துவட்டிச் சாம்பிராணி காட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று என் மனைவி சொல்வாள். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வசந்தா கணவரிடம் கேட்டிருக்கிறாள்: "வெட்டினத மறுபடி ஒட்ட முடியாதா?"

அவர் குழாய் ஃபிட்டர். ஒட்ட முடியாது என்ற பதிலை அவரால் எந்தக் குழாயைப் பற்றியும் சொல்ல முடியாது. விசாரித்துக்கொண்டு போனார். பூனாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கி வைத்து அதைச் செய்கிற ஒரு டாக்டர் இருப்பது தெரிந்தது. மறுநாள் காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் சைக்கிள் டயருக்குப் போடுகிற மெல்லிய வால்வு ட்யூப்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லிடறேன் சார்."

எங்கள் பிரிவில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பெண், மராட்டிக்காரர், பூஜை முடிக்காமல் ஆபீசுக்கு வராதவர். இவர் வால்வு ட்யூபை என் கத்தரியால் வெட்டினார். இரண்டு முனைகளையும் தூக்கிக் காட்டினார். இவ்வளவு வருடத்தில் முனைகள் அடைத்துப் போயிருக்கும், அதைச் சீவ வேண்டும், பிறகு தலைமுடியைவிட மெல்லிய நூலால் வட்டமாகத் தைக்க வேண்டும் என்றார். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று இதை இந்தியிலும் சொன்னார். அந்த அம்மாள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். ஒரே வரி பக்கம் முழுவதும் இருந்தது. மாலையில் அதே ட்யூபோடு வரிசையிலும் வீடு வீடாகப் போனார்.

எங்கள் விதிகளில் மறு இணைப்புக்கும் சிறப்பு விடுப்பு உண்டு. ஆனால் பெற்ற குழந்தையை இழந்தவர்களை நினைத்துப் போட்ட விதி அது. இரண்டு பெண்கள் சௌக்கியமாக இருக்கிறவனின் இரண்டாம் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. சொந்த விடுப்பில்தான் போக வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அதோடு, குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கொடுத்துவந்த ஊதிய உயர்வை இன்றோடு நிறுத்திவிடும்படி கேட்டார். என் சர்வீசில் ஒரு தொகையைத் தனக்கு நிறுத்தச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இதற்கு மட்டும் படிவம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் இவரை நன்றாக எச்சரித்தே அனுப்பினார். வெட்டிப் பல வருடம் ஆகிவிட்டது, ஒட்டினாலும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, பிடித்தாலும் குழந்தை நிச்சயமில்லை என்றார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "லீக் டெஸ்ட் எப்போது?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து என்றாராம்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் சில வாரங்கள் பளு தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, எப்போதும் இறுக்கமாக லங்கோடு கட்டியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் படுத்திருப்பார்கள். இவர் மெதுவாக, காலை அகட்டி அகட்டி, ஒவ்வொரு வீடாகப் போய்த் தான் ஏன் மெதுவாக நடக்கிறேன் என்று விளக்கினார். எதிர்வீட்டு ராணியக்கா ஒருத்திதான் பாதியில் நிறுத்தினாள்.

ராணியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரிசையில் தண்ணீர் முறை, சண்டைத் தீர்ப்பு, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதெல்லாம் அவள் கையில். அவள் கணவர் ஒரு லேத் ஆபரேட்டர். வீட்டில் அவர் இருக்கிறார் என்பதே சம்பளத் தேதியில்தான் தெரியவரும். எந்தப் புது மருமகளையும் குழாயடியில் நிறுத்தி, "இன்னாடி, விசேஷம் எதுனா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்காமல் விடமாட்டாள். பதில் இல்லையென்றால் அடுத்த மாதமும் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து விடியும் முன்னே தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் உண்டு. வசந்தாவை மட்டும் இதுவரை கேட்டதில்லை. கோளாறு யாரிடம் என்பது ஊரறிந்த விஷயம்.

"லங்கோடு வரைக்கும் போதும்பா. உள்ள அடுப்புல பால் இருக்குது" என்றாள் ராணியக்கா.

"அப்ப சுருக்கமா சொல்லிடறேன்க்கா. ரிசல்ட்டு வர்ற அன்னிக்கு எல்லார் வூட்டுக்கும் பேடா."

பரிசோதனை முடிவைக் கேட்கப் போன அன்று என்னையும் ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். டாக்டர் சொல்வதில் தான் ஒன்றை விட்டாலும் சார் ஞாபகம் வைத்திருப்பார், ஊரில் முழுசாகச் சொல்ல வேண்டுமல்லவா என்பது அவர் கவலை. டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "ரஸ்தா சாலூ ஜாலா" என்றார். பாதை திறந்துவிட்டது. வேண்டிய அளவு, வேண்டிய வேகத்தில் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, இனி உங்கள் பக்கம் குறையில்லை, மனைவிக்கும் வயதாகிறது, அவரையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றார்.

வரும் வழியில் மிட்டாய்க் கடையில் வண்டி நின்றது. கடைக்காரர் பேடாவைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். இவர் வாய் திறக்கவில்லை. பேடாவின் வரலாறு வரும் என்று காத்திருந்த எனக்கு என்னவோ போலிருந்தது.

"சார், இப்ப நான் இத குடுத்தா இன்னா ஆவும்?"

"இனிப்பு. சாப்பிடுவாங்க."

"அது இன்னிக்கு. அப்புறம்? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது, ஊருக்கே தெரியும். இப்ப ரோடும் சரியாப்பூடுச்சு. அப்பவும் புள்ள வரலைன்னா, குத்தம் யாராண்ட போய் நிக்கும்?"

இதற்கு விதி எதுவும் இல்லை.

"வசந்தாவாண்ட நிக்கும் சார். நாளைலேர்ந்து கொழாயாண்ட அவ வயித்தப் பாப்பாங்க. மாசா மாசம் பாப்பாங்க. நான் கேட்டா, நான்தான் வாயால சொல்லிக்கினு திரிஞ்சேன்னு சொல்லுவாங்க. நெசந்தானே?"

கடைக்காரரிடம் பெட்டியை மூட வேண்டாம் என்று கை காட்டினார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெயிலுன்னு சொல்லிடறேன். பழைய மாதிரி எம்மேலயே இருக்கட்டும். எனக்கு இன்னா, பழகிப்போச்சு."

"பொய் சொல்லி உங்களுக்குப் பழக்கமில்லையே."

"அதான் சார் பயமாக்கீது. சுருக்கமா முடிச்சுடறேன்."

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்த நடைமுறைக்கும் அடுத்த கட்டம் என்ன என்று பார்ப்பது என் தொழில். நீங்கள் பெயில் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நாளைக்கே வசந்தா உண்டானால் என்ன ஆகும் என்று கேட்டேன். புருஷன் கையாலாகாதவன் என்று அவனே சொன்ன வீட்டில் குழந்தை வந்தால், மலடி என்பதைவிட மோசமான பேச்சல்லவா வரும்?

அவர் ஸ்கூட்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. பொய் சொல்லாதவனுக்கு, பொய்க்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருப்பது தெரியாது.

"வந்தா, அன்னிக்கு ஊர் கால்ல வுழுந்து நெசத்தச் சொல்றேன் சார். வரலைன்னா யாரு கால்ல வுழறது?"

வண்டியை உதைத்தார். பேடா கடையிலேயே இருந்தது.

அன்று மாலை குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். பேடா எங்கே என்று யாரோ கேட்டார்கள். இவர் தரையைப் பார்த்தபடி, "ஆபரேசன் பெயிலு" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார். குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. பிறகு ராணியக்கா "சரி, அடுத்தது யாரு?" என்றாள். முறை தொடர்ந்தது.

வசந்தாவிடம் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவளும் டாக்டரைப் பார்த்தாள். மருந்து சாப்பிட்டாள். வெளியே எதுவும் தெரியாது. வரிசையில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராணியக்காகூட அவள் வந்தால் பேச்சைத் தண்ணீர் அழுத்தத்தின் பக்கம் திருப்பிவிடுவாள். பொய் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். டாக்டரையும் அவர்களையும் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ரகசியக் கோப்பு என் பொறுப்பில் இருக்கும்போது வருகிற கர்வம்.

பேச்சு மட்டும் அவரிடம் குறைந்துபோயிற்று. மணி கேட்டால் மணியைச் சொன்னார். குழாய்ப் பிரிவு மராட்டிக்காரர்கள் என்னிடம் வந்து, ஷுரூசேக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் அளந்து பேச வேண்டியிருக்கிறது போலும்.

அப்படியே ஒன்றிரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் மதியம் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சார், மாட்டிக்கினேன்."

வசந்தாவுக்கு நாலாவது மாதம். இனி புடவையில் மறைக்க முடியாது. அவர் கண்ணில் சந்தோஷமும் திகிலும் ஒன்றாக நின்றன. நான் என் வழக்கப்படி நடைமுறையைப் பார்த்தேன். தகப்பனுக்கும் பிரசவ விடுப்பு என்று அப்போதுதான் புதிதாக ஒன்று வந்திருந்தது. இரண்டு குழந்தை இருக்கிறவர்களுக்குக் கிடையாது என்று முதலில் அதைச் சொன்னேன். பிறகு டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி, பாதை திறந்திருப்பதை உரிய அனைவருக்கும் தெரிவிக்கலாம் என்றேன். அதை எங்கே ஒட்டுவது என்று கேட்டார்.

"வசந்தா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"பேடா வாங்கியாங்க, ஒரு பெட்டி பத்தாது, எல்லார் வூட்டுக்கும் நானே வர்றேன்றா சார். அவளுக்குப் பயமே இல்ல. எனக்குத்தான். நீங்க கூட வாங்க சார். டாக்டர் சொன்னத உங்க காதாலயும் கேட்டீங்க."

சாட்சி சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் போகாதவன், அன்று மாலை பேடாப் பெட்டிகளோடு அவர்கள் வரிசைக்குப் போனேன். வசந்தா முன்னால், இவர் நடுவில், நான் பின்னால். யாரிடம் முதலில் போவது என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வீட்டைத் தாண்டிவிட்டால் வரிசையைத் தாண்டியது மாதிரி.

ராணியக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாவின் வயிற்றைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அன்னிக்கு ஆபரேசன் பெயிலுன்னு சொன்னேனே, அது வந்து..." என்று இழுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன்.

ராணியக்கா என்னைக் கையமர்த்தினாள். "பொய்யி. தெரியும்."

"தெரியுமா?"

"நீ சொன்ன அன்னிக்கே தெரியும்பா. வெட்டப் போனப்ப ஒரு நாள் சொன்ன. ஒட்டப் போறேன்னு வால்வு ட்யூப எடுத்துக்கினு வந்து ஒரு நாள் சொன்ன. லங்கோடு கட்டறத சொல்லி என் பாலு பொங்கிப்பூடுச்சு. நெசமாவே பெயிலாயிருந்தா, எந்தத் தையல் வுட்டுச்சு, டாக்டர் இன்னா சொன்னாரு, ஏன் சொன்னாருன்னு ஒக்காந்து எங்க உயிர வாங்கியிருக்க மாட்ட? ரெண்டே வார்த்தை சொல்லிட்டு வூட்டுக்குள்ள பூந்துக்கின. எதுக்குப் பொய் சொல்றன்னு எங்களுக்குப் புரியாதா?"

இவர் வாயைத் திறந்தபடி நின்றார். நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

"அதான் அன்னிக்கே பேசி வெச்சுக்கினோம். அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் கேக்கறதில்லன்னு" என்றாள் ராணியக்கா. பேடாவில் ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிள்ளி வசந்தாவின் வாயில் வைத்தாள். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதா, பேடா தொண்டையில் சிக்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உள்ளே திரும்பி, கணவரை நாற்காலி எடுத்து வரச் சொன்னாள். அவர் உண்மையிலேயே வீட்டில் இருந்தார். நாற்காலி வந்தது. அக்கம்பக்கத்து வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சிலர் முக்காலியோடு வந்தார்கள்.

ராணியக்கா நாற்காலியைத் தட்டி அவரை உட்கார வைத்தாள்.

"அடுப்புல பாலு ஒண்ணும் இல்ல. இப்ப சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து."